மானெக்ஷா வீடியோ போடும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். உங்களில் முக்கால்வாசிப் பேருக்கு என் பேரன் வயதுதான் இருக்கும். ஆனாலும் தம்பி என்றுதான் கூப்பிட வருகிறது. மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாய்களுக்குப் பொதுப்பெயரே தம்பிதான். அங்கே இருபத்து நான்கு வருடம் கிளார்க்காக இருந்து, ஹவில்தாராக பென்ஷன் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். துப்பாக்கியைவிட டைப்ரைட்டரைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன். போர்க்களத்தைப் பற்றி இந்தக் கிழவனுக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். நேரில் தெரியாது. காகிதத்தில் தெரியும்.

போன மாதம் பேரன் போனில் ஒரு வீடியோ காட்டினான். ஒன்றரை நிமிடம்தான். தியேட்டரில் ஹீரோ நுழையும்போது அடிக்கிற மாதிரி ஒரு இசை. மஞ்சள் எழுத்தில் 'ஐந்து போர், ஐந்திலும் வெற்றி' என்று தலைப்பு. வயிற்றில் ஒன்பது குண்டு வாங்கியும் சாகாதவர், 62-ல் சீனாக்காரனைத் தடுத்து நிறுத்தியவர், 65-ல் பாகிஸ்தானை அடித்தவர், 71-ல் தனி ஆளாக ஒரு நாட்டையே உருவாக்கியவர் என்று ஒரு குரல் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போகிறது. பெயர் சாம் மானெக்ஷா, ராணுவத்தின் மிக உயர்ந்த பட்டமான ஃபீல்டு மார்ஷல் வாங்கியவர். காட்டிய படமோ கரியப்பா என்ற இன்னொரு தளபதியுடையது.

பேரனிடம் சொன்னேன். "விடு தாத்தா, படம்தானே தப்பு, விஷயம் கரெக்டுதானே" என்றான். விஷயமும் கரெக்ட் இல்லை. அதற்குத்தான் இந்த மடல். அவன் அடுத்த வருடம் அக்னிவீர் ஆள்சேர்ப்புக்குப் போக விடியற்காலையில் ஆயிரத்து அறுநூறு மீட்டர் ஓடிக்கொண்டிருக்கிறான். உங்கள் வீடியோவின் இசையைத்தான் அலாரமாக வைத்திருக்கிறான். இப்படி எத்தனை வீட்டில் எத்தனை பையன்களோ. அவர்கள் எந்தக் கதையைக் கேட்டுக்கொண்டு பட்டாளத்துக்குப் போகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் அக்கறை உண்டு.

ஐந்து போர் என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர், 1947-48 காஷ்மீர், 1962, 1965, 1971. இந்த ஐந்தும் நடந்தபோது மானெக்ஷா சீருடையில் இருந்தார் என்பது உண்மை. ஆனால் எதிரியின் குண்டுக்கு முன்னால் அவர் நின்றது முதல் போரில் மட்டும்தான். இரண்டாவது போரை டெல்லியில் மேஜையில் இருந்து பார்த்தார். மூன்றாவது முடிந்த பிறகுதான் அவரை அனுப்பினார்கள். நான்காவதில் சண்டை நடந்த பக்கம் அவர் இல்லை. ஐந்தாவதில் அவர் தரைப்படைத் தலைமைத் தளபதி. இப்படிச் சொன்னால் உங்கள் தலைப்பு படுத்துவிடும், தெரியும். ஆனால் எனக்கு இதுதான் சுவாரசியமான கதை.

பர்மாவில் தொடங்குகிறேன். 1942 பிப்ரவரி. அமிர்தசரஸில் பிறந்த பார்சி டாக்டர் வீட்டுப் பையன், லண்டனில் மருத்துவம் படிக்க அப்பா அனுப்பவில்லை என்ற கோபத்தில் ராணுவத் தேர்வு எழுதி, 1932-ல் டேராடூன் அகாடமியின் முதல் நாற்பது பேரில் ஒருவராகச் சேர்ந்தவர். இப்போது 27 வயது, 12-ஆவது ஃபிராண்டியர் ஃபோர்ஸ் ரெஜிமெண்டில் ஒரு கம்பெனிக்குத் தலைவர். ஜப்பானியர்கள் துரத்த, 17-ஆவது இந்திய டிவிஷன் ரங்கூனை நோக்கிப் பின்வாங்குகிறது. நடுவில் சிட்டாங் ஆறு. கடக்க ஒரே ஒரு ரயில் பாலம். பாலத்துக்குப் பக்கத்தில் பகோடா குன்று என்று ஒரு மேடு, அது எதிரி கைக்குப் போனால் பாலமும் போச்சு. 22-ஆம் தேதி அந்தக் குன்றைப் பிடிக்க மானெக்ஷா தன் ஆட்களோடு ஏறினார். குன்று கிடைத்தது. இயந்திரத் துப்பாக்கி ஒன்று அவர் வயிற்றில் வரிசையாகச் சுட்டது.

ஏழு குண்டு என்று ஒரு வீடியோ, ஒன்பது என்று இன்னொன்று. ஏலம் விடாதீர்கள் தம்பி. ஒரு குண்டு போதும். நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம் வரை துளைத்திருந்தது. பிழைக்க மாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பிற்பாடு அந்த டிவிஷனுக்கே தலைமை ஏற்ற கோவன் என்ற அதிகாரி, இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் கொடுக்க முடியாது என்று சொல்லி, தன் சட்டையில் இருந்த ரிப்பனையே கழற்றி அவருக்குக் குத்தினாராம். அதை எல்லாரும் வீடியோவில் வைக்கிறீர்கள். ஷேர் சிங்கை மட்டும் விட்டுவிடுகிறீர்கள். ஷேர் சிங் அவருடைய ஆர்டர்லி, அதாவது உதவிக்கு இருந்த சிப்பாய். ரத்தம் ஒழுகும் ஆளைத் தூக்கிச் சுமந்துகொண்டு டாக்டரிடம் போனவர். டாக்டர் ஆஸ்திரேலியர். எத்தனையோ பேர் வரிசையில் கிடக்கும்போது, தேற மாட்டான் என்று தெரிந்த ஆளுக்கு நேரம் செலவழிக்க அவருக்கு மனசில்லை. நினைவு வந்து வந்து போன மானெக்ஷாவிடம் என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறார். கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்று பதில் வந்ததாம். டாக்டர் சிரித்துவிட்டு கத்தியை எடுத்தார். இந்தக் கதையை மானெக்ஷாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம், இருக்கட்டும்.

மறுநாள் விடிவதற்குள் என்ன நடந்தது என்பதுதான் உங்கள் வீடியோவில் இல்லாதது. பாலம் எதிரி கையில் போய்விடும் என்று பயந்து நம் பக்கத்தவர்களே அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிவிஷனின் பெரும்பகுதி அப்போது அக்கரையில் நின்றுகொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் துப்பாக்கியை வீசிவிட்டு, பூட்ஸைக் கழற்றிவிட்டு, மூங்கிலையும் கதவுப் பலகையையும் பிடித்துக்கொண்டு நீந்தினார்கள். நீந்தத் தெரியாதவர்களை ஆறு கொண்டுபோனது. டிவிஷன் தளபதி ஸ்மைத், முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர், பதவியை இழந்தார். மார்ச் 8-ல் ரங்கூன் வீழ்ந்தது. மானெக்ஷா பதக்கம் வாங்கியது ஒரு படுதோல்வியின் நடுவில். அந்தப் பாலத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

குணமாகி அவர் மறுபடியும் பர்மாவுக்குப் போனார், போர் முடிந்தது, அப்புறம் நாடு பிரிந்தது. அவருடைய ரெஜிமெண்ட் பாகிஸ்தான் பங்குக்குப் போய்விட்டது. சொத்துப் பிரிப்பது மாதிரி பட்டாளத்தையும் பிரித்தார்கள். எந்தப் பெயரைச் சொல்லி அவர் சிட்டாங்கில் குன்று ஏறினாரோ, அதே ஃபிராண்டியர் ஃபோர்ஸ் பட்டாலியன்கள், அதாவது சில நூறு பேர் கொண்ட படைப்பிரிவுகள், பின்னால் எதிர்ப்பக்கத்தில் நின்றன. அவரைக் கூர்க்காக்களிடம் மாற்றினார்கள். 'சாம் பகதூர்' என்ற பெயர் அப்படி வந்ததுதான். ஆனால் ஒரு கூர்க்கா பட்டாலியனுக்குக்கூட அவர் தலைமை தாங்கவில்லை. டெல்லியில் ராணுவ நடவடிக்கைப் பிரிவில் உட்காரவைத்துவிட்டார்கள். கடைசிவரை ஒரு பட்டாலியனுக்குக்கூடத் தலைமை ஏற்காமலே ஃபீல்டு மார்ஷல் ஆனவர் அவர். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு விசித்திரம் என்று புரியும்.

1947 அக்டோபர் 25-ஆம் தேதி, சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்கும் வேலையில் இருந்த வி.பி. மேனனோடு விமானத்தில் ஸ்ரீநகர் போய்விட்டு மறுநாள் திரும்பினார். 27-ஆம் தேதி காலை முதல் சீக்கிய பட்டாலியன் ஸ்ரீநகரில் இறங்கத் தொடங்கியது. அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் போர். அதில் இவருடைய ஆயுதம் வரைபடமும் டெலிபோனும்தான். எந்த ஊருக்கு எத்தனை விமானம், அதில் எத்தனை மூட்டை, எத்தனை ஆள், பனி விழுவதற்குள் எந்தக் கணவாய். கிளார்க் வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இதுவும் போர்தான். கணக்குத் தப்பினால் மேலே மலையில் இருக்கிறவன் வெறும் வயிற்றோடு சாவான். ஆனால் மேஜையில் உட்கார்ந்து பென்சில் சீவுகிற ஆளுக்கு யார் இசை போடுவார்கள்?

அடுத்தது நான் இப்போது இருக்கும் குன்னூர்ப் பக்கம் நடந்தது. 1959-ல், ராணுவ அதிகாரிகள் படிக்கும் வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜுக்குக் கமாண்டண்டாக வந்தார். குன்னூரில் ரயிலை விட்டு இறங்கினால் அடுத்த ஸ்டேஷன்தான் வெலிங்டன். அவர் வாய் சும்மா இருக்காது. மேலிடத்தைப் பற்றி, அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனைப் பற்றி, அமைச்சருக்கு வேண்டிய ஜெனரல் கவுலைப் பற்றி மனதில் பட்டதை மெஸ்ஸில் சொன்னார். விசாரணை வந்தது. தேசவிரோதி என்ற அளவுக்குக் குற்றச்சாட்டு. அலுவலகத்தில் பழைய வெள்ளைக்காரத் துரைமார் படங்களை மாட்டியிருந்தார் என்பதும் அதில் ஒன்று. ஜெனரல் தௌலத் சிங் தலைமையிலான விசாரணை அவர்மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் பதவி உயர்வு நின்றது நின்றதுதான். கிட்டத்தட்ட முடிந்துபோன ஆள்.

1962 அக்டோபர் 20. சீனப் படை இறங்கியது. ஒரு மாதத்தில் நம் படை உடைந்து மலையிலிருந்து சிதறி இறங்கியது. நவம்பர் 21-ல் சீனாவே போர்நிறுத்தம் அறிவித்துவிட்டு, கிழக்கில் பிடித்த இடத்தை விட்டுத் திரும்பிப் போனது. கவுல் ராஜினாமா செய்தார். கிருஷ்ண மேனன் அதற்கு முன்பே பதவி விலகிவிட்டார். வெலிங்டனில் ஓரங்கட்டப்பட்டிருந்தவரை அப்போதுதான் அஸ்ஸாமில் உள்ள தேஜ்பூருக்கு, கவுல் இருந்த அதே 4-ஆவது கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை) தளபதியாக அனுப்பினார்கள். அவர் பொறுப்பேற்றது டிசம்பரில். ஆகவே தம்பி, அவர் சீனாவைத் தடுத்து நிறுத்தவில்லை. தோற்று, குளிரில் நடுங்கி, யாரையும் நம்பாமல் உட்கார்ந்திருந்த ஒரு படையை எழுப்பி நிற்கவைத்தார். எழுத்து மூலமான உத்தரவு இல்லாமல் இனிப் பின்வாங்கல் கிடையாது, அந்த உத்தரவு ஒருநாளும் வராது என்று அவர் சொன்னதாக எல்லாரும் சொல்வார்கள். வாங்கின அடி ஆறாத ஆளிடம் போய் வேலை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கும் ஒருநாள் தெரியும். நான் பார்த்தவரையில், அவருடைய வாழ்க்கையில் இதுதான் பெரிய வேலை. ஒரு குண்டுகூட வெடிக்காத வேலை.

1965-ஐச் சீக்கிரம் முடித்துவிடலாம். அவர் கல்கத்தாவில் கிழக்குப் பிராந்தியத் தளபதி. சண்டை மேற்கில், ஹர்பக்ஷ் சிங்கின் பொறுப்பில். தலைமைத் தளபதி ஜே.என். சௌத்ரி. சுவாரசியம் எதுவென்றால், எதிர்ப்பக்கத் தலைமைத் தளபதி மூசா, டேராடூனில் மானெக்ஷாவோடு அதே நாற்பது பேரில் ஒருவர். ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்கள்.

அதே கல்கத்தாக் காலத்தில்தான் மிசோரம். இதை எந்த வீடியோவிலும் நான் பார்த்ததில்லை. 1966 மார்ச்சில், தனிநாடு கேட்ட மிசோ தேசிய முன்னணி ஆயுதம் எடுத்தது. ஐஸ்வால் நகரத்தின்மேல் நம் விமானப்படையே தாக்குதல் நடத்தியது. மறுவருடம் கிராமம் கிராமமாக மக்களை எழுப்பி, சாலையோரம் வேலி போட்ட புதுக் குடியிருப்புகளில் கொண்டுபோய் வைத்தார்கள். விட்டுவந்த வீட்டையும் தானியக் களஞ்சியத்தையும் கொளுத்தினார்கள், கலகக்காரர்களுக்கு உதவக்கூடாது என்று. அது மானெக்ஷாவின் பிராந்தியம். அந்தக் கணக்கு அவர் பேரிலும் எழுதப்பட வேண்டியதுதான். அங்கே தயங்கிய ஒரு பட்டாலியனுக்கு அவர் பார்சலில் வளையல் அனுப்பினார், பிறகு அவர்கள் நன்றாகச் சண்டை போட்டதும் திருப்பி வாங்கிக்கொண்டார் என்று ஒரு கதையை மட்டும் நீங்கள் கைதட்டலோடு போடுகிறீர்கள். வளையல் போட்ட என் அம்மா, புருஷன் போன பிறகு நான்கு பிள்ளைகளை நிலக்கடலை உடைத்துப் படிக்கவைத்தவள். அந்த நகைச்சுவை எனக்குப் பிடிபடவில்லை.

1969 ஜூன் 8-ல் தலைமைத் தளபதி ஆனார். யாரிடமிருந்து பொறுப்பு வாங்கினார் தெரியுமா? திருச்செங்கோட்டுப் பக்கத்து ஜெனரல் பி.பி. குமாரமங்கலத்திடமிருந்து. சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பீரங்கியோடு நின்று டி.எஸ்.ஓ. பதக்கம் வாங்கி, பிடிபட்டு, இத்தாலியில் கைதியாக இருந்து தப்பி, மறுபடி பிடிபட்டவர். நம் ஆள் அவர். ஒரு வீடியோ உண்டா அவருக்கு? நேரம் இருந்தால் பாருங்கள்.

சரி, 71.

1971 மார்ச் 25 இரவு, அப்போது கிழக்கு பாகிஸ்தானாக இருந்த இன்றைய வங்கதேசத்தின் டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் சொந்த மக்கள்மேல் பாய்ந்தது. அகதிகள் எல்லை தாண்டி வரத் தொடங்கி, வருடம் முடிவதற்குள் ஒரு கோடி அளவுக்கு வந்தார்கள். ஏப்ரலில் நடந்த கூட்டத்தில் இந்திரா காந்தி உடனே போ என்றார், மானெக்ஷா முடியாது என்றார், வேண்டுமானால் ராஜினாமா தருகிறேன் என்றார். இதுதான் எல்லா வீடியோவிலும் உச்சக் காட்சி. இந்தக் காட்சியை மானெக்ஷாவே மேடைகளில் அழகாகச் சொல்வார். ஆனால் அந்தக் காலத்து ஆவணங்களைத் தோண்டிய வரலாற்று ஆய்வாளர்கள் சிலர், இந்திராவுக்கும் ஏப்ரலில் போருக்குப் போகும் எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை என்கிறார்கள். கிழக்குப் பிராந்தியத்தில் இருந்த ஜெனரல் ஜேக்கப், கிழக்கில் இப்போது முடியாது என்று முதலில் சொன்னதே நான்தான் என்று சொல்லிவந்தார். சிங்கம் மாதிரி ஒருவர் எழுந்து நின்று பிரதமரை மறுத்த கதை பாதியாகச் சுருங்கலாம்.

சுருங்கினாலும் எனக்கு நஷ்டமில்லை. ஏப்ரலுக்கும் டிசம்பருக்கும் நடுவில் எட்டு மாதம் இருக்கிறதே, அதை யாரும் மறுக்க முடியாது. மழைக்காலத்தில் கிழக்கு வங்காளத்தில் ஆறு எது, வயல் எது என்று தெரியாது. மழை விடவேண்டும். வடக்கே கணவாய்களில் பனி விழுந்து சீனாவின் வழி அடையவேண்டும். திரிபுராவுக்குப் போக ஒழுங்கான சாலை கிடையாது, ரயில் அதைவிட மோசம். அந்த மூலைக்குத்தான் ஒரு கோருக்கான குண்டும் பெட்ரோலும் அரிசியும் போய்ச் சேர்ந்தன. வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினியின் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்தது. ஆகஸ்டில் சோவியத் யூனியனோடு நட்பு ஒப்பந்தம் வந்தது. இத்தனையையும் ஒரே ஆள் செய்யவில்லை. ஆனால் இத்தனையும் முடிகிறவரை இன்னும் தயாரில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். கையில் பதவி, நாடு முழுக்க ஆத்திரம், பத்திரிகைகள் கத்துகின்றன. அப்போது பொறுப்பது சுலபமில்லை. ஆற்றின் இந்தப் பக்கம் தயாராகாமல் அந்தப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று 1942-லேயே பார்த்த ஆள் அவர். தேஜ்பூரிலும் பார்த்தார். பொறுமை அங்கே கற்றதாக இருக்கும் என்பது என் கணிப்பு, ஆதாரம் கேட்காதீர்கள்.

அந்தப் பாலம் மறுபடி வரும் என்றேனே. 1971 டிசம்பரில் சகத் சிங்கின் 4-ஆவது கோர் டாக்காவை நோக்கிப் போகிறது. தேஜ்பூரில் மானெக்ஷா எழுப்பி நிறுத்திய அதே 4-ஆவது கோர். குறுக்கே மேக்னா, கடல் மாதிரி ஆறு. அசுகஞ்சில் ஒரு ரயில் பாலம். பாகிஸ்தான் படை அதைத் தகர்த்துவிட்டது. சிட்டாங்கில் பாலம் போனதும் டிவிஷனே போனது. இங்கே சகத் சிங் இருந்த கொஞ்சம் எம்.ஐ.-4 ஹெலிகாப்டர்களை வைத்து ஆட்களை ஆற்றைத் தாண்டி இறக்கினார். திரும்பி வந்து அடுத்த லோடு, மறுபடி அடுத்த லோடு. உள்ளூர்க்காரர்கள் படகு கொண்டுவந்தார்கள். டெல்லி போட்ட முதல் திட்டத்தில் டாக்கா பிரதான இலக்காகவே இல்லை, சிட்டகாங்கும் குல்னாவும்தான் இருந்தன என்று ஜேக்கப் சொல்லிவந்தார். டாக்கா விழுந்ததற்குக் காரணமானவர்களில் சகத் சிங் முக்கியமானவர். அவர் லெப்டினண்ட் ஜெனரலாகவே ஓய்வு பெற்றார். தனி ஆளாக நாட்டை உருவாக்கினார் என்று நீங்கள் போடும்போது இவர்களையெல்லாம் எங்கே வைப்பீர்கள்?

டிசம்பர் 16. பதின்மூன்று நாளில் முடிந்தது. மானெக்ஷா வானொலி வழியாகவும் துண்டுப் பிரசுரம் வழியாகவும் பாகிஸ்தான் படையினருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்: ஆயுதத்தைக் கீழே வையுங்கள், ஜெனிவா விதிப்படி நடத்துவோம். சரணாகதியை வாங்க அவர் டாக்கா போகவில்லை. நம் கிழக்குத் தளபதி அரோரா போனார், பாகிஸ்தான் தளபதி நியாசி கையெழுத்துப் போட்டார். பிடிபட்டவர்கள் ஏறக்குறைய 93,000 பேர். அத்தனை பேரும் சிப்பாய் இல்லை தம்பி, சிவிலியன்களும் அந்தக் கணக்கில் உண்டு. இதையும் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் சித்தப்பா கிழக்கு முனையில் இருந்தார். பஞ்சாயத்து ரேடியோவுக்கு முன்னால் சாயங்காலம் ஊரே கூடும். சித்தி மட்டும் கூட்டத்துக்கு வரமாட்டாள், தெருமுனைக் கிணற்றடியில் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபடியே கேட்பாள். தண்ணீர் நிரம்பி வழிந்து புடவை நனைந்தாலும் நகரமாட்டாள். சரணடைந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று ஊர் வெடி வெடித்தது. சித்தி சிரிக்கவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள், தந்தி வந்துவிடுமோ என்று. பொங்கல் கழிந்துதான் இன்லண்ட் லெட்டர் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். வெற்றி பற்றி ஒரு வரி இல்லை. ஈரத்திலேயே நடந்து நடந்து கால் தோல் சாக்ஸோடு உரிந்து வந்துவிட்டது, தேங்காய் எண்ணெய் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். மானெக்ஷா பெயரை அவர் சாகிறவரை அதிகம் சொன்னதில்லை. ஒருமுறை நானே கேட்டேன். "சாப்பாடு நேரத்துக்கு வந்துச்சுடா, குண்டும் நேரத்துக்கு வந்துச்சு. அதுதான் எனக்குத் தெரிஞ்ச ஜெனரல்" என்றார்.

அப்புறம் 1973 ஜனவரியில் ஃபீல்டு மார்ஷல் பட்டம், நாட்டிலேயே முதல் ஆள். அதே மாதம் 15-ஆம் தேதி தளபதி பதவியை விட்டு இறங்கினார். குன்னூரில் வீடு, தோட்டம், மீசை, பேட்டிகள். 71-ல் பாகிஸ்தான் அதிபராக இருந்த யாஹ்யா கானுக்கு முன்பு தன் மோட்டார் சைக்கிளை ஆயிரம் ரூபாய்க்கு விற்றேன், காசு வரவில்லை, அதற்குப் பதில் பாதி நாட்டைக் கொடுத்தார் என்று சிரிப்பார். வாயால் கெட்டவர் என்று ஒரு கட்சியும் உண்டு. பிரிவினையில் பாகிஸ்தான் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டதற்கு, 71-ல் பாகிஸ்தான் ஜெயித்திருக்கும் என்று வேடிக்கையாகச் சொன்னது டெல்லியில் பலருக்கு ரசிக்கவில்லை.

ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வே கிடையாது, சாகும்வரை சம்பளம் உண்டு என்பது விதி. ஆனால் அவருக்குச் சேரவேண்டிய நிலுவை பல வருடம் வரவில்லை. 2007-ல்தான் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் ஒரு காசோலையைப் பாதுகாப்புச் செயலாளரே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு அப்போது 93 வயது. என் கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் பென்ஷன் புத்தகத்தில் பிறந்த தேதியில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்துவிட்டார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், அங்கே இப்போது இருக்கிறவர்கள் நல்ல பிள்ளைகள். அந்த ஒரு எண்ணைத் திருத்த ஆறு வருடமும் பதினேழு கடிதமும் ஆனது. கிளார்க்காக இருந்தவனுக்கே அந்தக் கதி. நிலுவை வந்த அன்று வீட்டுக்காரியிடம், ஃபீல்டு மார்ஷலைவிட எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது பார் என்றேன்.

2008 ஜூன் 27 அதிகாலை வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இறந்தார், நிமோனியா, 94 வயது. நான் அன்று வேலூரில் தங்கை வீட்டில் இருந்தேன். டிவியில் கீழே ஓடும் வரியில்தான் செய்தி வந்தது. ஊட்டியில் பார்சிகளின் இடுகாட்டில், மனைவி சில்லுவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். குடியரசுத் தலைவர் வரவில்லை. பிரதமரும் வரவில்லை, பாதுகாப்பு அமைச்சரும் வரவில்லை. இணையமைச்சர் பல்லம் ராஜு வந்தார். தேசிய துக்கம் அறிவிக்கவில்லை. உங்களில் பலர் அப்போது குழந்தைகள், உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வீடியோ போடாதே என்று நான் சொல்லவில்லை. போடுங்கள். நீங்கள் போடாவிட்டால் பேரனுக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது. ஐந்து போரில் நான்கில் அவர் துப்பாக்கி தூக்கவில்லை என்பதையும் சேர்த்துப் போடுங்கள். ஷேர் சிங்கைப் போடுங்கள், சகத் சிங்கைப் போடுங்கள். ஒன்றரை நிமிடத்தில் அடங்காது என்றால் மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளுங்கள், பேரன் பார்க்கிறானா இல்லையா என்று நான் கவனித்துச் சொல்கிறேன். மிசோரம் பற்றிப் போட்டால் திட்டு விழும், அதற்கும் தயாராக இருங்கள்.

இசையை மாற்றுவது உங்கள் இஷ்டம். எனக்கு அந்த அலாரம் பழகிவிட்டது, அவன் எழுந்திருக்காவிட்டாலும் நான் எழுந்துவிடுகிறேன்.

முதலில் அந்தப் படத்தை மாற்றுங்கள். கரியப்பா குடகுக்காரர், 1949-ல் நம் முதல் தலைமைத் தளபதி ஆனவர், அவருக்கும் ஃபீல்டு மார்ஷல் பட்டம் உண்டு, 1986-ல். அந்தக் குழப்பத்தில் வந்த தப்பு என்று புரிகிறது. மானெக்ஷாவுக்கு அடர்த்தியான பெரிய மீசை, தலையில் ஒரு பக்கம் சாய்ந்த கூர்க்கா தொப்பி. தேடினால் உடனே கிடைக்கும்.

இப்படிக்கு,
குன்னூரிலிருந்து
ஒரு பழைய ஹவில்தார் கிளார்க்